ஐநூறு பார் ஐஸும் ஒரு மஞ்சள் ஜெர்சியும்

டெல்வினின் அணி தாளில் முதலிடத்தில் இருந்தது. ஆட்டத்தில் எட்டாம் இடத்தில் இருந்தது. மொத்தமே எட்டு அணிகள்தான். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில் தாள்தான் என்று அவன் யோசிக்காமல் சொல்லுவான்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் டெல்வினும் உடன்படித்த ஏழு பேரும், முந்தைய வருடம் இங்கிலாந்து கால்பந்து லீக்கை வைத்து ஃபேண்டசி ஆடிப் பார்த்தார்கள். நிஜ ஆட்டக்காரர்களைத் தன் அணி என்று பெயருக்கு எடுத்துக்கொள்வது. அவர்கள் அங்கே கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. எட்டுப் பேரும் ஒரே இணையதளத்தைப் படித்துவிட்டு ஒரே பதினோரு பேரை எடுத்தார்கள். வருடக் கடைசியில் எட்டுப் பேருக்கும் முதலிடம் கிடைத்தது. யாருக்கும் சந்தோஷமில்லை.

அதனால் 2014 ஜனவரியில் சொந்தச் சரக்கில் இறங்கினார்கள். கடற்கரை ஊர்களுக்குள் சனி, ஞாயிறுகளில் நடக்கும் எழுவர் பந்தாட்டப் போட்டி ஏழு வாரம் ஓடும். எட்டுப் பேரும் முறை வைத்து ஆளுக்குப் பத்து ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஐந்து பேரை இறக்க வேண்டும். கோலுக்கு ஐந்து புள்ளி, கோலுக்குப் பாஸ் கொடுத்தால் மூன்று, கோலி கோல் வாங்காமலிருந்தால் நான்கு, மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழியும். ஒவ்வொரு வாரமும் ஒருவனுக்கு ஒருவன் மோதல். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஐந்து பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதி நந்தனாவிடம் கொடுத்துவிட வேண்டும். நாகர்கோவில் வடசேரிக்காரியான நந்தனாவுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பதில் இன்னும் தீர்மானமான கருத்து கிடையாது. நடுவராக இருக்க இதைவிடத் தகுதி வேண்டாம்.

விதிகள் அத்தனையையும் எழுதியவன் டெல்வின். கடைசி விதியும் அவனுடையதே: எட்டாம் இடம் வருபவர், சொந்த ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பக்கத்து ஊர் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்க வேண்டும்.

இதைக் கேட்டு, எட்டுப் பேரில் ஒருவனான அனிஷ் சோற்றுப்பொதியை மூடிவிட்டான். "மக்கா, வேண்டாம் கேட்டியா. அபராதம்னா ஒரு டீ, ஒரு பழம்பொரியோட நிக்கணும்."

"பயமிருந்தா விலகிக்க."

"பயம் எனக்கில்ல. நீ எந்த ஊருன்னு ஓர்ம உண்டா?"

டெல்வினுக்கு ஊர் அந்திரையார்துறை. நீல ஜெர்சி. பக்கத்து ஊர் இன்னாசித்துறை. மஞ்சள் ஜெர்சி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. ஓடையின் இந்தப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஆள் கல்யாணத்துக்கு வந்தால்கூட, துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல் ஓரமாகத்தான் உட்காருவான். டெல்வினின் அம்மா குளோரி டீச்சர் அந்திரையார்துறைப் பாடகர் குழுவில் முதல் குரல். முன்வரிசை என்பது அவள் கண்ணிலிருந்து நான்கு அடி.

இருந்தும் அவன் அந்த விதியை எழுதினான் என்றால், எட்டாம் இடம் யாருக்கென்று அவன் முன்பே கணக்கிட்டிருந்தான் என்று அர்த்தம். ஷிஜிக்கு.

ஷிஜி அதே வகுப்பு. அவள் அம்மா கரையில் மீன் ஏலம் எடுப்பவள். ஷிஜியின் பத்துப் பேரில் ஏழு பேர் போட்டு என்கிற விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய சராசரிகள் பார்க்கவே பாவமாக இருந்தன. இரண்டு வாரம் முடிந்ததும் டெல்வின் ஓர் அட்டவணை போட்டான். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் வாராவாரம் கிடைத்த புள்ளி, சராசரி, திட்டவிலக்கம், எல்லாவற்றையும் கூட்டி அணியின் தரவரிசை. அவன் அணிக்கு ஒன்று, ஷிஜியின் அணிக்கு எட்டு. அதை வகுப்பின் பின்கதவில் ஒட்டினான். அப்போது ஷிஜி இரண்டு ஆட்டத்தில் இரண்டையும் வென்றிருந்தாள். அவன் இரண்டையும் தோற்றிருந்தான்.

"கொள்ளாம்," என்றாள் ஷிஜி, கதவில் மூக்கை வைத்துப் படித்துவிட்டு. "நல்ல எழுத்து. கீழே ஒரு கையெழுத்தும் போடு, பிற்காலத்துல உதவும்."

"அதிர்ஷ்டம் எத்தன வாரத்துக்கு ஓடும் ஏட்டி? நீண்டகாலப் போக்குன்னு ஒண்ணு உண்டு."

"ஏழு வாரத்துல எத்தன நீண்டகாலம் வரும்?"

டெல்வின் செல்லோடேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தான். பதில் தெரியாததால் அல்ல. அவளுக்குப் புரியாது என்பதால். அப்படித்தான் அனிஷிடம் சொன்னான்.

மூன்றாம் வாரம் தோற்றான். நான்காம் வாரமும் தோற்றான். இந்த இடத்தில் அவன் வேலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் எந்த ஆட்டத்தையும் நேரில் பார்ப்பதில்லை. ஆட்டம் பார்ப்பவனுக்குப் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவன் கொள்கை. வீட்டிலிருந்து எழுபது அடி தூரத்தில் மைதானம். ஊரே கத்தும்போது அவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். ஞாயிறு மாலை, புள்ளி எடுத்தவர்களின் பெயர்கள் போட்டி நடத்துபவர்களிடமிருந்து நந்தனாவின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும்; அவள் எல்லோருக்கும் அனுப்புவாள். அவற்றை அட்டவணையில் ஏற்றுவான். பெயர் வராதவர்களுக்குச் சைபர் போடுவான்.

அப்படி அதிகச் சைபர் வாங்கியவன் சிலுவைதாசன். இன்னாசித்துறை முன்னணி ஆட்டக்காரன், இருபத்தாறு வயது. பெயரைக் கேள்விப்பட்டிருந்ததால் டெல்வின் முதல் சுற்றிலேயே அவனை எடுத்தான். முதல் இரண்டு வாரம் சைபர். கோபத்தில் மூன்றாம் வாரம் வெளியே உட்காரவைத்தான். அந்த வாரம் சிலுவைதாசன் பதினெட்டுப் புள்ளி எடுத்தான். டெல்வின் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தான். நான்காம் வாரம் அவசரமாக உள்ளே கொண்டுவந்தான். சைபர். ஐந்தாம் வாரம் வெளியே. சைபர். ஐந்து வாரத்தில் பதினெட்டு. சராசரி மூன்று புள்ளி ஆறு. பள்ளிக்கூட வேன் ஓட்டும் நேசையனின் சராசரியோ நான்கு. வாராவாரம் நாலு, அஞ்சு, மூணு என்று மாதச் சம்பளக்காரனைப் போல் ஆடுகிறவர். டெல்வின் சிலுவைதாசனின் பெயருக்குப் பக்கத்தில் 'அவுட்லையர், கவனிக்க வேண்டாம்' என்று எழுதிவைத்தான்.

ஐந்தாம் வாரமும் தோற்றபிறகு, திங்கட்கிழமை மதியம் அந்த வரியை அனிஷ் பார்த்தான். எட்டுப் பேரில் டெல்வினுக்கு ஒருபடி மேலே, ஒரே ஒரு வெற்றியோடு இருந்தவன் அவன்தான். அந்த ஒரு வெற்றியும் டெல்வினுக்கு எதிராகக் கிடைத்தது. அதனால் அவனுக்கு நண்பன்மேல் ஒரு தனிப்பிரியம் உண்டாகியிருந்தது.

"லே, இது என்ன எளவு? சிலுவைதாசனுக்கு நாலு சைபர்?"

"ஆடல. சைபர்."

"அவன் ஆடலன்னு யாரு சொன்னா? அவன் கரையிலயே இல்ல. பொங்கலுக்கு மறுநா வந்தான், ஒரு ஆட்டம் ஆடினான், அடுத்த வெள்ளிக்கிழம திரும்பப் போயிட்டான். இப்ப லட்சத்தீவுக்கு அப்பறம் எங்கயோ கிடந்து சுறா பிடிக்கான். கடல்ல நிக்கியவனுக்கு மைதானத்துல கோல் போடலன்னு மார்க் குறைச்சிருக்கியா?"

பக்கத்து பெஞ்சிலிருந்த ஷிஜி சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி, "நான் அஞ்சு வாரமா நீயே கண்டுபிடிப்பேன்னு பொறுத்திருந்தேன்," என்றாள்.

டெல்வின் அட்டவணையைப் பார்த்தான். எண்பது பேர், ஐந்து வாரம், நானூறு கட்டங்கள். கிடைக்காத தகவல் வேறு, சைபர் வேறு. முதலாம் ஆண்டு முதல் பாடத்தின் மூன்றாம் பக்கம். அந்தப் பரீட்சையில் அவன் தொண்ணூற்றாறு. தரவரிசையில் அவன் முதலிடத்தில் இருந்ததற்குக் காரணம், அவன் ஆட்கள் நல்ல ஆட்டக்காரர்கள் என்பதல்ல. வேன் ஓட்டுபவர், பி.டி. வாத்தியார், செல்போன் கடைக்காரர், செமினாரியிலிருந்து திரும்பி வந்துவிட்ட இரண்டு பேர். எங்கும் போகாதவர்கள். ஊரில் இருந்தார்கள் என்பதற்காகவே அவர்களைச் சிறந்தவர்கள் என்று அவன் கதவில் ஒட்டியிருந்தான்.

அவன் எழுந்துபோய்த் தாளைக் கிழித்தான். செல்லோடேப் ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் கதவிலேயே நின்றுவிட்டன.

மிச்சம் இரண்டு வாரம். அனிஷோடு சமமானால் போதாது. சமமாக நின்றால், தமக்குள் ஆடியதில் வென்றவன் மேலே என்று இன்னொரு விதி இருந்தது. அதையும் டெல்வின்தான் எழுதியிருந்தான். ஆகவே அனிஷைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டுவது என்று முடிவெடுத்தான். யார் நன்றாக ஆடுவான் என்பதல்ல கேள்வி, யார் கரையில் இருப்பான் என்பது. அதைக் கணக்கிட முடியும்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். அந்திரையார்துறையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் எந்த போட்டு என்று வரும் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அது கேள்விஞானம். அவனுக்குத் தரவு வேண்டும்.

மறுநாள் கல்லூரி விட்டதும் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போனான். டெல்வினின் அப்பா பதினெட்டு வருடமாகச் சார்ஜாவில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறார். அதனால் கடற்கரையில் பிறந்தும் அவன் வள்ளத்தில் ஏறியதில்லை. கட்டிப்போட்ட போட்டு ஆடுவதைப் பார்த்தாலே அவனுக்கு வயிற்றைப் பிரட்டும். ரெஜிஸ்டர் எழுதும் வைகுண்டராஜன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் திருப்பிப் போட்டார்.

"கடலுக்கு முதுகு காட்டி இரி, தம்பி. என்ன வேணும்?"

"ரெஜிஸ்டர் பாக்கணும் அண்ணாச்சி. புராஜெக்ட்."

"எதப் பத்தி?"

"பந்தாட்டம்."

வைகுண்டராஜன், அய்யாவழிக் கோயிலான சாமிதோப்புப் பதிக்கு வாராவாரம் நடந்துபோகிறவர், எதற்கும் பதறாதவர். ரெஜிஸ்டரை அவன் பக்கம் தள்ளினார். "எழுதிட்டுப் போ. பக்கத்த நனைக்காத."

அதில் எல்லாமே இருந்தது. போட்டு கிளம்பும்போது மீன் கெடாமலிருக்க எத்தனை பார், அதாவது எத்தனை நீளக்கட்டி, ஐஸ் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பதிவு. வந்து மீன் இறக்கும்போது பொடி ஐஸ் வாங்குவார்கள்; அதற்கு ஒரு பதிவு. போன தேதியும் வந்த தேதியும் கைக்குக் கிடைத்துவிட்டன. ஒன்பது நாள், தினமும் இரண்டு மணி நேரம், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அறுபத்தொரு பயணங்களை எழுதினான். மூக்கில் விக்ஸ் தடவிக்கொண்டு எழுதினான். இரண்டு முறை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து எழுதினான்.

பாதித் தரவிலேயே ஆறாம் வாரம் பலன் தெரிந்தது. கரைக்கு வந்துவிட்டவர்களாகப் பார்த்து மூன்று பேரை இறக்கி, எட்டுப் பேரில் இன்னொருவனான ராஜகுமாரைத் தோற்கடித்தான். முதல் வெற்றி. அனிஷ் தோற்றான். இருவருக்கும் இப்போது தலா ஒன்று. கடைசி வாரம் டெல்வின் மோத வேண்டியது ஷிஜியோடு. அவள் ஆறுக்கு ஆறு வென்று கோப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டாள். எடுத்தவள் சும்மா ஆடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எத்தனை ஐஸ் ஏற்றினால் எத்தனை நாள் கடலில் நிற்பார்கள் என்று பார்க்கும் ரிக்ரெஷன் கணக்கு வியாழக்கிழமை முடிந்தது. இருபது பார் ஐஸுக்கு ஒரு நாள். அவ்வளவு சுத்தமாக வந்தது. பயண நாட்களின் ஏற்ற இறக்கத்தில் எண்பத்தொரு சதவீதத்தை ஐஸ் மட்டுமே விளக்கிவிட்டது. மிச்சம் பத்தொன்பது சதவீதத்துக்குப் பிசகு என்று பெயர். எல்லாக் கணக்கிலும் கொஞ்சம் பிசகு இருக்கும். இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சிலுவைதாசன் போன 'மிக்கேல் தூதன்' போட்டு ஜனவரி இருபத்துநாலு கிளம்பியது. ஐநூறு பார். இருபத்தைந்து நாள். பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை கரைக்கு வரும். கடைசி ஆட்டம் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் இடித்தது. டெல்வின் வருத்தத்தோடு சிலுவைதாசனை வெட்டி நேசையனை எழுதினான்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குச் சீட்டோடு நந்தனாவின் பெஞ்சுக்குப் போகும்போது ஷிஜி வழியில் நின்றாள்.

"லே டெல்வின், சிலுவைதாசன இறக்கியிருக்கியா?"

"எதுக்குக் கேக்குத?"

"இறக்கு. நான் சொல்லுகேன்."

டெல்வின் அவளை ஆராய்ந்தான். போட்டியில் எதிராளி தரும் தகவல் சார்புள்ள தகவல். பைசாவுக்கு ஆகாது. அதுவும் ஐந்து வாரம் அவன் சைபர் போடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள்.

"எனக்க மாடல் செவ்வாய்க்கிழமன்னு சொல்லுகு."

"உனக்க மாடலுக்கு ஊரு எது?"

"மாடலுக்கு ஊரு கிடையாது ஏட்டி."

"அதாக்கும் நானும் சொல்லுகது," என்று வழிவிட்டாள்.

அன்று மாலை ஆறரை மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் வெடி வெடித்தது. டெல்வின் ஜன்னலைச் சாத்த எழுந்தான். வரிசையாக வெடித்தது. பிறகு பேண்டு வாத்தியம்.

"இன்னாசித்துறையில கொடியேற்றமாக்கும்," என்றாள் குளோரி டீச்சர், பரீட்சைத் தாள் திருத்தியபடி. "கடல்ல ஒருத்தன் மிச்சமில்லாம வந்திருப்பான். கொடி ஏறும்போ கரையில நிக்காதவன அந்த ஊருல சேத்துக்க மாட்டாவ. நம்ம ஊரும் அப்பிடித்தானே."

டெல்வின் செருப்புப் போடாமல் கடல்சுவருக்கு ஓடினான். அவனாக விரும்பிக் கடலைப் பார்த்தது வாழ்நாளில் அதுவே முதல்முறை. இன்னாசித்துறைக்கு நேரே இருபது, இருபத்திரண்டு போட்டுகள் கலர் பல்பு போட்டு நின்றன. ஐஸ் எவ்வளவு ஏற்றினார்களோ, எத்தனை நாள் மிச்சமிருந்ததோ, எல்லாம் ஒரே நாளில் வந்து நின்றன. பத்தொன்பது சதவீதப் பிசகு அங்கே சீரியல் லைட் போட்டு மிதந்துகொண்டிருந்தது.

அங்கிருந்தே நந்தனாவை அழைத்தான்.

"சீட்டுல ஒரு பேரு மாத்தணும்."

"நாலு மணி தாண்டிட்டுல்லா."

"ஒரே ஒரு பேரு, நந்தனா."

"விதி ஆறு," என்று அவள் வாசித்தாள். "'எக்காரணம் கொண்டும், மாணவர் இறந்தாலும்.' நீதான் எழுதியிருக்க. நீ செத்துட்டியா?"

"இல்ல."

"செத்தாலும் மாத்த முடியாதாம்."

ஞாயிற்றுக்கிழமை அவன் மைதானத்துக்குப் போனான். பாரபட்சம் வந்தால் வரட்டும். சிலுவைதாசன் அவன் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தான். வெயிலில் உரிந்த மூக்கு. விசில் ஊதும் முன்பே மணலில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தான். மூன்று வாரம், போட்டுக்குள் எட்டெட்டு அடி நடந்து திரும்பிய கால். இப்போது அதற்கு ஒரு மைதானம் கிடைத்திருந்தது. யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. நான்கு கோல். நான்காவதற்கு டெல்வின் தன்னையறியாமல் கைதட்டிவிட்டான். நீல ஜெர்சிக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது புள்ளி, அவன் அணியின் பெஞ்சில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நேசையன் வழக்கம்போல் நான்கு கொண்டுவந்தார்.

ஷிஜி இருபத்தொன்பது, டெல்வின் இருபத்தேழு. அனிஷும் அந்த வாரம் தோற்றான். அதனால் ஒன்றும் மாறவில்லை. எட்டாம் இடம்.

அடுத்த வெள்ளி, பிப்ரவரி இருபத்தொன்று, அந்திரையார்துறைக் கொடியேற்றம். அனிஷ் அக்கறையோடு ஒன்பதாம் எண் மஞ்சள் ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தான். குளோரி டீச்சர் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "கோயில்ல வச்சு என்னைய உனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து முன்னால் நடந்தாள்.

ஐந்தரை மணிக்கு அவன் முன்வரிசையில் நின்றான். ஷிஜி போன் கேமராவோடு பக்கவாட்டில் நின்றாள். பாடகர் குழு ஆரம்பித்தது. முதல் குரல் கொஞ்சம் நடுங்கியது. பின்னாலிருந்து முணுமுணுப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னேறி வந்தது. டெல்வின் திரும்பிப் பார்த்தான்.

கோயில் முற்றம் முழுக்க ஆண்கள். வெள்ளை வேட்டி, உரிந்த மூக்கு. அவன் அட்டவணையில் ஏழு வாரமாகக் காலியாகக் கிடந்த கட்டங்கள் அத்தனையும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலைவாரி நின்றிருந்தன. வருடத்தில் ஒரு நாள்தான் இவர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். அந்த ஒரு நாளில், ஊரே வந்து பேசும் சட்டை அவன்மேல் இருந்தது.

கொடி ஏறியது. வெடி வெடித்தது. ஜெபம் முடியும்வரை அசையாமல் நின்றான், விதி விதிதான். முடிந்ததும் ஜெர்சிக்குள்ளிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் பிளந்து ஒரு பாதியை ஷிஜியிடம் நீட்டினான்.

"இது எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு. நீ அந்தச் சிலுவை நிக்கிய குருசடிப் பக்கம் போ. போட்டு பேரு, கிளம்பின தேதி, இன்னும் எத்தன நாள் கடல்ல நிக்க வேண்டியது, எத்தன பார் மிச்சம். நாலு கட்டம்."

"எனக்கு இதெல்லாம் எங்க அம்மயிட்ட கேட்டா தெரியும்லே."

"எழுதி வச்சிருக்காவளா?"

ஷிஜி போனைப் பைக்குள் போட்டாள். பேனா கேட்டாள்.

அதற்குள் நான்கு பேர் டெல்வினைச் சூழ்ந்துவிட்டார்கள். மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே இன்னாசித்துறக்காரா, உனக்கு இங்க என்னலே வேல?"

"ஒரு சின்ன விவரம் அண்ணே," என்றான் டெல்வின், பேனா மூடியைப் பல்லால் கழற்றியபடி. "உங்க போட்டுல எத்தன பார் ஐஸ் மிச்சம்?"